நூற்று எழுபத்தொன்றாவது பதிவு

மாநகராட்சிக் கணக்குப் பிரிவில் அந்த அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோட்டம்மா என்றால்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ கோட்டை இருக்கிற ஊர்க்காரர் போல என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு போடுவது கணக்கில் வழக்கம். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும், அச்சடித்து வந்த தாளில் ஸ்கேலை வைத்து அந்த இரண்டு கோட்டையும் அவர் கையால் இழுப்பார். கோடு விழுந்த பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஆணையரே "கோடு விழுந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

நான் வரிப் பிரிவு. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு, அவ்வளவுதான். பதினான்கு வருஷம் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததில் அவருடைய தும்மலைக்கூட அடையாளம் தெரிந்துவைத்திருந்தேன். ஆகையால் இதில் பாதி நான் பார்த்தது, மீதி அவர் பின்னாளில் சொன்னது. நடுவில் ஓரிடத்தில் நான் செய்த காரியமும் வருகிறது. அதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனசில்லை.

கோட்டம்மாவின் அப்பா பேருந்து நடத்துநர். பணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அப்போது கோட்டம்மாவுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினொன்று. அம்மா அதற்கும் முன்பே இல்லை. பகலில் ஒரு மருந்துக் கிடங்கில் பில் எழுதி, மாலைக் கல்லூரியில் வணிகவியல் படித்து, இருபத்து மூன்றாவது வயதில் தேர்வெழுதி மாநகராட்சிக்குள் வந்தார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவன் முகத்தில் வெளிச்சம். கனரக வாகன உரிமம் எடுக்க அக்காதான் பணம் கட்டினார். பிறகு அவனும் இதே மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்ட வந்தான், ஒப்பந்த ஊழியனாக. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

மேலே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று நாங்களே அவரிடம் கேட்டிருக்கிறோம். "அவன் வண்டி நல்லா ஓட்டறான். அதை வண்டி சொல்லட்டும்" என்று முடித்துவிடுவார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரே மகள் வெளியூரில் செவிலியர் படிப்பு. மாதக் கடைசியில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் குடும்பம், ஆனால் கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை.

இனி, நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பொது நிதி என்றால் என்னவென்று இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். அது ஊரின் அன்றாடச் செலவுப் பை. வீட்டு வரி, கடை உரிமக் கட்டணம் எல்லாம் அதில் வந்து விழும். தெருவிளக்கு, குப்பை, சம்பளம் எல்லாம் அதிலிருந்து போகும். குடிநீருக்கு வேறு பை, மழைநீர் வடிகாலுக்கு வேறு பை. ஒரு பைக்குரிய பணம் தவறிப்போய் இன்னொன்றில் இருந்தால், 'இது நம்முடையதில்லை, இன்ன நிதிக்குத் தரவேண்டியது' என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்தவன் பணம் நம் பணம் மாதிரியே தெரியும்.

அந்த வருஷம் கணக்கு முடிக்கப் பதினொரு நாள் இருக்கும்போது, தாழ்வான ஒன்பது தெருக்களுக்கு வடிகால் கட்ட அரசு ஐந்து கோடியே எண்பது லட்சம் அனுப்பியது. வடிகாலுக்கென்று வங்கியில் தனிக் கணக்கு அப்போது திறந்திருக்கவில்லை. பணம் பொது நிதியில் வந்து உட்கார்ந்தது. வரவு எழுதுகிறவர் அதைப் 'பிற மானியம்' என்ற தலைப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அது பெரிய தப்பில்லை. வருஷக் கடைசியில் மானியப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த நிதிக்கு என்று பார்த்து மாற்றுவதுதான் கோட்டம்மாவின் வேலை. அந்த வருஷம் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். இது நூற்று எழுபத்தொன்றாவது. அவர் அதைப் பார்த்தார், மாற்றாமலே பக்கத்தில் பென்சிலால் சரி என்று ஒரு டிக் போட்டார், நூற்று எழுபத்திரண்டுக்குப் போனார்.

ஏன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேலைப் பளுவா என்று அவரைக் காப்பாற்றுகிற மாதிரியே கேட்டவர்களும் உண்டு. "அன்னைக்கு எனக்குத் தலைவலிகூட இல்ல" என்பார்.

அறிக்கை வெளிவந்தது. பொது நிதியில் உபரி ஆறு கோடியே முப்பது லட்சம். தணிக்கையாளரும் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷமாகத் துண்டு விழுந்துகொண்டிருந்த மாநகராட்சிக்கு இது பெரிய செய்தி. மன்ற உறுப்பினர் ஒருவர், மீசைக்காரர் என்று எல்லோரும் சொல்வோம், அடுத்த கூட்டத்திலேயே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு குப்பை அள்ளுகிறவர்களை இன்னும் ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பது நியாயமா? நாற்பத்தெட்டுப் பேரை நிரந்தரமாக்க வேண்டும், ஆளுக்கு வருஷம் இரண்டரை லட்சம் கூடுதல், மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம், கை தாங்கும். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

நாற்பத்தெட்டில் ஒருவன் கோட்டம்மாவின் தம்பி. மூப்புப் பட்டியலில் இருபத்து மூன்றாவது.

அன்று கோட்டம்மா இரண்டு பிரிவுக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். தடுப்புக்கு மேலே என்னிடம் டப்பாவை நீட்டியபோது கண் கலங்கியிருந்தது. நான் இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

தீர்மானம் நிறைவேறி ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வடிகால் பொறியாளரிடமிருந்து கடிதம் வந்தது. தனிக் கணக்கு திறந்தாயிற்று, மானியத்தை அனுப்பி வையுங்கள், ஒப்பந்தக்காரர் முதல் பில் போடப்போகிறார் என்று இருந்தது. கோட்டம்மா பேரேட்டைத் திறந்து 'வடிகால் நிதிக்குத் தரவேண்டியது' என்ற தலைப்புக்குப் போனார். அங்கே சுழி.

வேறு பெயரில் இருக்குமோ என்று தேடினார். இல்லை. வங்கிக் கணக்கைப் பார்த்தார். பணம் வந்தது வந்ததுதான். மானியப் பட்டியலை எடுத்து விரலை வைத்து இறங்கினார். நூற்று எழுபத்தொன்றில் விரல் நின்றது. பக்கத்தில் அவருடைய டிக்.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தார், ஆனால் எங்கும் போகவில்லை. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார். மூன்று மணிக்குத் தடுப்பருகே வந்து, அந்தத் தாளை என் முன்னால் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். அவர் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆறு கோடியே முப்பதிலிருந்து ஐந்து கோடியே எண்பது போனால் ஐம்பது லட்சம். உபரி என்று ஊரே கொண்டாடியதில் நிஜமானது அவ்வளவுதான்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். உங்களுக்கும் எனக்கும் என்றார். "அப்போ விடுங்கம்மா" என்றேன் நான். நான் மறைக்காமல் சொல்ல வேண்டியவற்றில் இது முதலாவது, சொல்லிவிட்டேன்.

அவர் தாளை எடுத்துக்கொண்டு கணக்கு அதிகாரியின் அறைக்குப் போனார்.

கணக்கு அதிகாரி கெட்டவரில்லை. ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. அறிக்கையில் கோட்டம்மாவின் கையெழுத்துக்கு மேலே அவருடைய கையெழுத்து. தாளை வாங்கிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு நிதானமாக ஒரு வழி சொன்னார். ஒப்பந்தக்காரர் பில் எல்லாம் ஒரே நாளில் வராது. வர வர இந்த வருஷ வீட்டு வரியிலிருந்து கொடுத்துக்கொண்டே போகலாம். இரண்டு வருஷத்தில் ஓட்டை தானாக அடைபட்டுவிடும். வடிகாலும் வரும், நாற்பத்தெட்டுப் பேர் வீட்டிலும் அடுப்பெரியும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

வரி சரியாக வசூலாகாவிட்டால் என்ன செய்வது என்று கோட்டம்மா கேட்டார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உன் தம்பியும் அந்தப் பட்டியல்ல இருக்கான்மா. யோசிச்சுச் செய்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் கனமாக விழுந்தது என்று கோட்டம்மா சொல்வார்.

 அந்த வெள்ளிக்கிழமை கோட்டம்மா ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஆணையர் பார்வைக்கு என்று தலைப்பிட்டு, முறைப்படி கணக்கு அதிகாரி வழியாகக் கொடுத்தார். 'இந்தத் தவறு என்னால் நேர்ந்தது' என்பதுதான் முதல் வாக்கியம். கணக்கு அதிகாரி அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனார். ஒரு கூடம், ஒரு சமையலறை உள்ள வாடகை வீடு. தரையில் ஒரு வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார்கள். நிரந்தரச் சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்டிருந்தான் தம்பி. ஊர்க்கோடியில் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. தம்பி மனைவி, "அண்ணி, ஜன்னல் இந்தப் பக்கம் வந்தா நல்லா இருக்குமில்ல?" என்று இடம் விட்டு உட்காரவைத்தாள். கோட்டம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

தம்பிக்குக் கணக்கு புரியவில்லை. நிரந்தர வேலை போகப்போகிறது என்பது மட்டும் புரிந்தது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றான்.

"இப்போதைக்கு மூணு பேருக்கு."

"மூணு பேரும் சும்மா இருந்தா முடிஞ்சுது."

"நான் எழுதிக் குடுத்துட்டேன்டா."

அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "குடுத்துட்டு வந்து சொல்ற. குடுக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கலாமில்லக்கா?"

"முன்னாடி வந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார் கோட்டம்மா.

தம்பி மனைவி ஒவ்வொரு டம்ளராக எடுத்தாள். தாள் தானாகச் சுருண்டுகொண்டது. வாசல்வரை யாரும் வரவில்லை.

ஒரு வாரமாயிற்று, ஆணையரிடமிருந்து அழைப்பு இல்லை. கணக்கு அதிகாரியின் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் இழுப்பறைச் சாவி அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். ஒன்பதாம் நாள் ஒப்பந்தக்காரரின் முதல் பில் வந்தது, எழுபத்திரண்டு லட்சம். கணக்கு அதிகாரி அதைப் பொது நிதியில் இந்த வருஷ வரியிலிருந்து கொடுக்கும்படி எழுதி, கோட்டம்மாவின் கையெழுத்துக்கு அனுப்பினார். அந்தக் காகிதம் அவர் மேஜையில் இரண்டு மணி நேரம் கிடந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிச்சீட்டுகளை அடுக்குகிற பாவனையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். பிறகு குறிப்பின் நகலைக் கோப்பிலிருந்து உருவிக்கொண்டு, மாடிப்படி ஏறி நேரே ஆணையர் அறைக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் கணக்கு அதிகாரிக்கு அழைப்பு வந்தது. அவர் என்னைக் கடந்து போகும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆணையர் கோபப்படவில்லையாம். மூன்று நாளில் திருத்திய அறிக்கை வேண்டும், மன்றத்தில் வைக்கிறேன் என்றாராம். கோட்டம்மா அந்த மூன்று நாளும் தலை நிமிராமல் வேலை செய்தார். திருத்தம் என்றால் ஓரிடத்தில் எண்ணை மாற்றுவதோடு முடியாது. உபரி மாறும், தரவேண்டிய பொறுப்புகள் மாறும், அட்டவணைகள் மாறும், விளக்கக் குறிப்பு புதிதாக எழுத வேண்டும். கணக்கு அதிகாரி அந்தக் குறிப்பில் 'வகைப்படுத்தலில் நேர்ந்த மாற்றம்' என்று போடச் சொன்னார். கோட்டம்மா 'தவறு' என்றே போட்டார். அதற்கு மட்டும் இருவரும் ஒரு முழு மதியம் வாதாடினார்கள். தவறு என்றே அச்சாயிற்று.

மன்றக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், பின்வரிசையில். ஆணையர் வாசித்து முடித்தார். பிறகு மீசைக்காரர் எழுந்தார். நாற்பத்தெட்டுக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்து, மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டவர் அவர். இப்போது அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? கையில் ஒரு தாள் வைத்திருந்தார். கோட்டம்மாவைப் பார்த்து, நாற்பத்தெட்டுப் பேரில் உங்களுக்கு யாராவது சொந்தமா என்று கேட்டார்.

"இருபத்து மூணாவது ஆள் என் கூடப் பிறந்த தம்பி" என்றார் கோட்டம்மா.

சபை ஒரே இரைச்சலாகிவிட்டது. மீசைக்காரர் குரலை உயர்த்தவேயில்லை. தம்பிக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு உபரி வேண்டும், அதனால் அக்காள் உபரியைக் காட்டினாள். இப்போது வடிகால் பில் வந்து மாட்டிக்கொள்ளும் நேரத்தில் முந்திக்கொண்டு நல்லவள் வேஷம் போடுகிறாள் என்றார். அவர் சொன்ன வரிசையில் கேட்டால் எனக்கே ஒரு நிமிஷம் அப்படியும் இருக்குமோ என்று தோன்றியது.  அந்தக் கோணத்தில் ஒருவர் பார்க்க முடியும் என்பதே அந்த நிமிஷம்வரை கோட்டம்மாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அன்று மாலையே சஸ்பென்ட் உத்தரவு வந்தது. பாதிச் சம்பளம், தனி விசாரணை. நாற்பத்தெட்டு நியமனமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

வீட்டில் கணவர் உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு, "உன் கண்ணாடியத் தேய்ச்சது நான்தானே. பாதிக் குத்தம் எம்மேலதான் வரணும்" என்றார். அன்றைக்குக் கோட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கணவர் கடையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று தேய்க்க ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகளின் விடுதிக் கட்டணத்துக்கு வளையல்கள் போயின. தெருவில் ஒருத்தி பால் வாங்கும் வரிசையில் கேட்கும்படியாகவே, அவ்வளவு பெரிய தொகையில் கொஞ்சமாவது ஒட்டாமலா இருக்கும் என்றாள். கோட்டம்மா பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வரிசையில் போய் நின்றார்.

தம்பிக்கு வங்கி கடனை ரத்து செய்தது. முன்பணத்தில் பாதி திரும்ப வந்தது, பாதி வரவில்லை. அவன் அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். என்னையும் கூப்பிட்டார். தீர்மானம் நிறைவேறிய அன்று இந்த அம்மா எப்படி இருந்தார் என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தார் என்றேன். அவர் காத்திருந்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. "எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாங்க" என்றேன்.

அவர் பேனா தாளில் ஓடுவதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. பொய்யும் சொல்லவில்லைதான். ஆனால் மறுநாள் மீசைக்காரரின் ஆட்கள் அதையே ஊரெல்லாம் சொன்னார்கள்: கள்ளக் கணக்கு எழுதி ஸ்வீட்டும் கொடுத்திருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் வேறொருவரைக் கெடுத்தேன்.

கோட்டம்மாவின் முறை வந்தபோது நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் பதிவுகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, கடைசியில் தாள்களை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார். "ரெண்டு வருஷத்துல தானா சரியாகியிருக்கும்னு உங்க மேலதிகாரியே சொல்லியிருக்கார். உங்க தம்பிக்கும் வேலை நிலைச்சிருக்கும். எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

 

"அடுத்த வருஷ அறிக்கையிலயும் நான்தானே சார் கையெழுத்துப் போடணும்" என்றார் கோட்டம்மா. "போன வருஷம் தெரியாம போட்டேன். இந்த வருஷம் தெரிஞ்சே போடணும். அதை நினைச்சா கை வரல."

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நோக்கம் இல்லை, கவனக்குறைவு உண்டு. காரணமாக அதிகாரி காட்டியது தேதிகளைத்தான். கோட்டம்மா அந்தப் பதிவுக்கு டிக் போட்டது கணக்கு முடித்த மாதம். நாற்பத்தெட்டுப் பேரை நிரந்தரமாக்கும் யோசனை அப்போது யார் மனதிலும் இல்லை. அது அறிக்கை வந்தபின், மீசைக்காரர் தாமே எழுந்து கொண்டுவந்தது. வராத தீர்மானத்துக்காக ஒருவர் எப்படி முன்கூட்டியே கணக்கை மாற்ற முடியும் என்று ஒரு வரியில் கேட்டிருந்தார். இனிப்பு விஷயத்தைப் பதிவு செய்துவிட்டு, 'இது எதையும் நிரூபிக்கவில்லை' என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார். நான் அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

தண்டனை இல்லாமல் போகவில்லை. கோட்டம்மாவுக்கு இரண்டு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம், கணக்குப் பிரிவிலிருந்து பணியாளர் பிரிவுக்கு மாற்றம். கணக்கு அதிகாரி குறிப்பைப் பூட்டி வைத்ததற்குக் கண்டனக் கடிதத்தோடு தப்பினார். ஓய்வூதியம் நிற்கவில்லை. அறிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட தணிக்கையாளரை அடுத்த வருஷம் கூப்பிடவில்லை.

மன்றம் மறுபடி கூடி, ஐம்பது லட்சத்தில் கொஞ்சம் கையிருப்பு விட்டு மீதிக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று பார்த்தது. பத்தொன்பது பேர். மூப்புப் பட்டியலில் முதல் பத்தொன்பது பேருக்கு அந்த வருஷமே உத்தரவு வந்தது, மற்றவர்களுக்கு வரவு கூடியபின் பார்க்கலாம் என்றார்கள். தம்பி நான்கு இடத்தில் தவறினான். வடிகால் வேலை பணத்தட்டுப்பாடு இல்லாமல் நடந்து மழைக்கு முன்பே முடிந்தது. முடிந்தும் ஒன்பது தெருவில் இரண்டில் தண்ணீர் புகுந்தது. மட்டம் தவறிவிட்டதாம். அது பொறியாளர்களின் கதை.

கோட்டம்மா வேலைக்குத் திரும்பிய அன்று அவருடைய புது மேஜைக்கு நான் போனேன். விசாரணையில் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நடந்ததைத்தானே சொன்னீங்க" என்றார். பிறகு ஒரு வருஷம்போல என்னோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசினார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு யோக்கியதை கிடையாது.

தம்பியும் அவரும் ஒரே வளாகத்தில்தான் வேலை. காலையில் அவன் லாரி எடுக்கும் நேரமும் அவர் வரும் நேரமும் சில நாள் ஒன்றாகிவிடும். முன்கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி, அவர் ஓரமாக ஒதுங்கியபின் போவான். வேறு யாருக்கும் செய்கிற மரியாதைதான் அது. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வருஷம் போயிற்று. வரி வசூல் கொஞ்சம் நிமிர்ந்தது. மிச்சமிருந்த இருபத்தொன்பது பேரையும் நிரந்தரமாக்க மன்றம் மறுபடி தீர்மானம் போட்டது. உத்தரவு வாங்கப் பணியாளர் பிரிவுக்குத்தான் வர வேண்டும், கோட்டம்மாவின் மேஜைக்கு. ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். நான் ஒரு கோப்பு விஷயமாக அங்கே நின்றிருந்தேன்.

தம்பி வந்தான். காக்கிச் சட்டை, தலை படிய வாரியிருந்தான். அவர் உத்தரவை நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அவன் பேனாவை எடுக்கவில்லை.

"அக்கா" என்றான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. "இந்தத் தடவை பணம் நெஜமாவே இருக்கா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவன் குத்திக் கேட்கவில்லை. ஒருமுறை நம்பி ஏமாந்தவன், தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். கோட்டம்மா அவனை உட்காரச் சொன்னார். எழுந்து, இரண்டு வருஷமாக மிதிக்காத கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே இப்போது அவர் இடத்தில் இருந்தவர் சின்ன வயதுக்காரர், நல்ல பையன். இவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கோட்டம்மா உட்காராமல், மானியப் பதிவுகளைக் காட்டச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தரவேண்டிய பொறுப்புகளைப் பார்த்தார். வங்கி மீதியைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் பிடித்தது. இங்கே தம்பி கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்து, "இருக்கு" என்றார்.

அவன் கையெழுத்துப் போட்டான். உத்தரவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மாமா எப்படி இருக்கிறார், கடையில் வேலை அதிகமா என்று அவர் கணவரைப் பற்றிக் கேட்டான். நன்றாக இருக்கிறார் என்றார் கோட்டம்மா. சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டான். அவர் வா என்று தலையை ஆட்டினார். வரிசையில் அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அடுத்த உத்தரவை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தார்.